மைஎஸ்க்யூஎல்லில் பழைய தமிழ்ப் பதிவுகள் '????' ஆகிவிட்டன: எந்த வரியை ஒட்டினால் சரியாகும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 5.6 பதிப்பில் பல ஆண்டுகள் ஓடிய தமிழ்த் தளத்தை 8.0 சர்வருக்கு மாற்றினீர்கள். தமிழ் உடைந்தது. தேடிப் பிடித்த ஆறு வரிகளைக் கான்ஃபிக் ஃபைலில், அதாவது சர்வர் எழும்போது படிக்கும் அமைப்புக் கோப்பில், ஒட்டினீர்கள். அதில் ஒன்றைப் போட்டதும் சர்வர் எழவே இல்லை, அதை எடுத்துவிட்டீர்கள். மீதி ஐந்தோடு புதிய பதிவுகள் நன்றாக வருகின்றன. பழையவற்றில் சில '????' என்றும், சில தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் என்றும் தெரிகின்றன. "விட்டுப்போன ஏழாவது வரி எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: பழைய பதிவுகளை மீட்க முடியுமா, ஒட்டிய ஐந்தில் எதை வைத்துக்கொள்வது. தமிழ்த் தரவுத்தளங்களை இடம் மாற்றுவது என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஏழாவது வரி என்று ஒன்று கிடையாது. இது உறுதி. கேரக்டர் செட் என்பது எந்த எழுத்துக்கு எந்த பைட்டு என்ற அட்டவணை. கான்ஃபிக் ஃபைலில் எழுதும் கேரக்டர் செட், இனிமேல் உருவாகும் டேட்டாபேஸுக்கும் டேபிளுக்கும் ஒரு தொடக்க மதிப்பு, அவ்வளவுதான். ஏற்கெனவே வட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு பைட்டைக்கூட அது தொடாது. ஆகவே இன்னும் என்னென்ன வரி ஒட்டலாம் என்று தேடுவதை நிறுத்திவிட்டு, வட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். திரையில் தெரிவதை நம்ப முடியாது. டேபிளிலிருந்து உங்கள் கண்ணுக்கு வருவதற்குள் கனெக்ஷன், நிரல், பிரௌசர் என்று மூன்று இடங்களில் எழுத்து மாற்றம் நடக்கிறது.

பார்க்க ஒரே கட்டளை போதும்: செலக்ட் ஹெக்ஸ்(தலைப்பு). இது பைட்டுகளை வெறும் எண்ணாகவும் ஆங்கில எழுத்தாகவும் தருவதால் வழியில் எதுவும் அதைக் கெடுக்க முடியாது. 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடுக்கு அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8-ல் அன்றாடத் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, ஆக 15 பைட்டு. சரியாகச் சேமித்திருந்தால் ஹெக்ஸ் இப்படி இருக்கும் (இதில் வரும் ஏ, பி, சி, டி, இ, எஃப் எல்லாம் ஆங்கில எழுத்துகள்): இ0 ஏஇ ஏ4, இ0 ஏஇ ஏஇ, இ0 ஏஇ பிஎஃப், இ0 ஏஇ பி4, இ0 ஏஎஃப் 8டி. அன்றாடத் தமிழ்க் குறிகள் எல்லாமே இ0 ஏஇ அல்லது இ0 ஏஎஃப் என்றுதான் தொடங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பழைய பதிவுகளைப் பார்வையிலேயே பிரித்துவிடலாம். இ0 ஏஇ என்று இருந்தால் பைட்டுகள் நலம். சி3 ஏ0 சி2 ஏஇ என்று இருந்தால் ஒரு முறை யூடிஎஃப்-8 ஆனதையே மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறார்கள், இதை மீட்கலாம். 3எஃப் 3எஃப் 3எஃப் என்று வரிசையாக இருந்தால் அது கேள்விக்குறியேதான், எழுத்து போய்விட்டது.

இரண்டாவது வகை எப்படி வந்தது, ஏன் இப்போது மட்டும் கண்ணில் படுகிறது என்பதுதான் பலரையும் குழப்பும் இடம். 5.6-ன் இயல்பு கேரக்டர் செட் லேட்டின்1, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை மட்டும் அறிந்தது. உங்கள் நிரல் எதுவும் சொல்லாமல் இணைந்திருந்தால், அது அனுப்பிய தமிழ் பைட்டுகளைச் சர்வர் லேட்டின்1 என்றே எடுத்துக்கொண்டிருக்கும். டேபிள் யூடிஎஃப்8 என்றால் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக நினைத்து மறுபடி மாற்றிச் சேமிக்கும். திருப்பிப் படிக்கும்போதும் கனெக்ஷன் லேட்டின்1 என்பதால் அதே மாற்றம் தலைகீழாக நடந்து, தளத்தில் தமிழ் அழகாகத் தெரியும். போகும்போது ஒரு தப்பு, வரும்போது அதே தப்பு, கணக்கு நேராகிவிடும். டேபிளை நேராகப் பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினில் திறந்தால் மட்டும் குப்பையாகத் தெரியும், அதை யாரும் பெரிதுபடுத்தியிருக்க மாட்டார்கள். இப்போது கனெக்ஷன் யூடிஎஃப்8எம்பி4 (முழு யூடிஎஃப்-8-க்கு மைஎஸ்க்யூஎல் வைத்த பெயர்) ஆனதும் வரும் வழியில் இருந்த தப்பு நீங்கிவிட்டது, போன வழியில் நடந்த தப்பு அம்பலமாகிவிட்டது. ஆக அந்தக் கோடு போட்ட ஏ-க்கள் நீங்கள் ஒட்டிய வரிகளால் உருவானவை அல்ல, பல ஆண்டுகளாக அங்கேயே இருந்தவை.

இவற்றை மீட்பதற்கு முன்னால் பேக்கப். விண்டோஸ் பவர்ஷெல்லில் மைஎஸ்க்யூஎல்டம்ப் (டேட்டாபேஸை ஒரு ஃபைலாக இறக்கும் கருவி) எடுக்கும்போது 'அதைவிடப் பெரிது' குறி போட்டு ஃபைலுக்குத் திருப்பாதீர்கள். பவர்ஷெல் அதை யூடிஎஃப்-16 ஆக எழுதிவிடும், அந்த டம்ப் திரும்ப ஏறாது. ரிசல்ட்-ஃபைல் என்ற ஆப்ஷனைக் கொடுத்து எடுங்கள். பிறகு நகல் டேட்டாபேஸில் இதை ஓட்டிப் பாருங்கள்: கன்வர்ட்(காஸ்ட்(கன்வர்ட்(தலைப்பு யூசிங் லேட்டின்1) ஆஸ் பைனரி) யூசிங் யூடிஎஃப்8எம்பி4). உள்ளே இருப்பது இரண்டாவது மாற்றத்தைக் கழற்றுகிறது, நடுவில் இருப்பது "இது வெறும் பைட்டு, கை வைக்காதே" என்கிறது, வெளியே இருப்பது அதைச் சரியான பெயரில் படிக்கிறது. முதலில் செலக்ட் ஆகத்தான் ஓட்ட வேண்டும், அப்டேட் ஆக அல்ல. 'வேர்' நிபந்தனையில், அதாவது எந்த வரிசைகள் வேண்டும் என்று சொல்லும் பகுதியில், ஹெக்ஸுக்குள் சி3ஏ0சி2ஏ என்று வரும் வரிசைகளை மட்டும் எடுக்க வேண்டும். இந்த நிபந்தனையை விட்டுவிட்டு முழு டேபிளுக்கும் ஓட்டினால், நலமாக இருக்கும் புதிய பதிவுகள் லேட்டின்1-க்குள் அடங்காமல் அசல் கேள்விக்குறிகளாகிவிடும். இணையத்தில் சுற்றும் துணுக்குகளில் பெரும்பாலும் இந்த வேர் இருக்காது.

இந்த மாற்றத்தை மைஎஸ்க்யூஎல்லுக்கு உள்ளேயே செய்யுங்கள் என்பதற்குத் தமிழுக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் லேட்டின்1 என்று சொல்வது உண்மையில் விண்டோஸின் சிபி1252 என்ற எழுத்து அட்டவணை. அதில் ஐந்து இடங்கள் காலி: 81, 8டி, 8எஃப், 90, 9டி. நம் புள்ளியின் கடைசி பைட்டு 8டி. உகரக் குறியின் கடைசி பைட்டு 81. தமிழ் ஏ எழுத்துக்கு 8எஃப், ஐ எழுத்துக்கு 90. மைஎஸ்க்யூஎல் அந்தக் காலி இடங்களையும் அப்படியே கடத்திவிடும், போய்த் திரும்பினாலும் எதுவும் சிந்தாது. பைதானின் சிபி1252 அப்படி விடாது, பிழை சொல்லி நின்றுவிடும். அந்தப் பிழையை 'இக்னோர்' என்று சொல்லி அடக்கிய துணுக்கை ஒட்டினால் புள்ளியிலும் உகரத்திலும் ஒரு பைட்டு மட்டும் காணாமல் போகும். புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ் வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், சேதத்தின் அளவு புரியும்.

மீட்கும் செலக்டில் சில வரிசைகள் 'நல்', அதாவது மதிப்பே இல்லை, என்று வந்தால் பதற வேண்டாம். அவை பெரும்பாலும் முன்பே அறுந்தவை. தலைப்பு ஃபீல்டு 100 எழுத்து என்று வைத்திருந்தால், இரட்டை மாற்றத்தில் ஒரு தமிழ்க் குறி மூன்று எழுத்தாகக் கணக்கில் சேரும். 33 குறிகள் போக ஒரு பைட்டு மிச்சம் தொங்கும். தொங்கும் அந்த அரைகுறை பைட்டை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டினால் முன்பகுதி கிடைத்துவிடும். அறுந்த வால் கிடைக்காது.

ஹெக்ஸ் இ0 ஏஇ என்று நலமாக இருந்து, ஷோ கிரியேட் டேபிளில் ஃபீல்டு லேட்டின்1 என்று இருந்தால் அது வேறு நோய். பைட்டு சரி, ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டு தப்பு. இங்கே பலரும் ஆல்டர் டேபிள் கன்வர்ட் டு கேரக்டர் செட் என்று அடிப்பார்கள். அடித்தால் நலமாக இருந்த பைட்டுகள் இரட்டை மாற்றத்துக்குள் போய்விடும், ஏனென்றால் கன்வர்ட் டு பெயர்ச்சீட்டை நம்பி உள்ளே இருப்பதை மாற்றும் கட்டளை. சரியான வழி இரண்டு படி: வார்கேர் ஃபீல்டை வார்பைனரி ஆக்கி, அங்கிருந்து யூடிஎஃப்8எம்பி4 வார்கேர் ஆக்குவது. டெக்ஸ்ட் என்றால் பிளாப் வழியாக. மாடிஃபை எழுதும்போது நாட் நல், டீஃபால்ட் போன்றவற்றை மறுபடி எழுத வேண்டும், எழுதாவிட்டால் அவை உதிர்ந்துவிடும்.

மூன்றாவது வகைக்கு, அதாவது 3எஃப்-களுக்கு, கட்டளை எதுவும் இல்லை. மீட்பு மென்பொருள் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பழைய பேக்கப், பைனரி லாக் (சர்வர் எழுதி வைக்கும் மாற்றங்களின் பதிவேடு), பதிவு வெளியானபோது வாசகர்களுக்குப் போன மின்னஞ்சல், பழைய வலைப்பக்கங்களைச் சேமிக்கும் வேபேக் மெஷின், இவற்றில்தான் தேட வேண்டும். பழைய 5.6 சர்வரை இன்னும் அழிக்கவில்லை என்றால் இன்றே போய் அதன் டேட்டா டைரக்டரியை நகல் எடுத்து வையுங்கள்.

அவை எப்போது கேள்விக்குறி ஆயின என்பதில் எனக்கு இருப்பது ஊகம்தான், உங்கள் சர்வரை நான் பார்க்கவில்லை. நீங்கள் ஒட்டிய ஐந்தாவது வரி, சர்வர் எவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லும் எஸ்க்யூஎல் மோடைக் காலியாக்குவது. 5.7 முதல் ஸ்டிரிக்ட் மோட் இயல்பாகவே இருக்கிறது. லேட்டின்1 ஃபீல்டில் தமிழை எழுதப் போனால் 1366 என்ற பிழையோடு மறுத்துவிடும், எதுவும் அழியாது. மோடைக் காலியாக்கினால் அதே எழுத்து சத்தமில்லாமல் கேள்விக்குறியாகச் சேமிக்கப்படும், ஒரு எச்சரிக்கை மட்டும் யாரும் பார்க்காத இடத்தில் கிடக்கும். ஆகவே என் சந்தேகம்: வரிகளை ஒட்டிய பிறகு பழைய பதிவுகள் சிலவற்றை யாரோ திருத்திச் சேமித்திருக்கிறார்கள், அல்லது கருத்துகள் டேபிள் மட்டும் இன்னும் லேட்டின்1-ல் இருக்கிறது. கேள்விக்குறி வரிசைகளின் 'கடைசியாகத் திருத்தியது' தேதியைப் பாருங்கள். ஒட்டிய நாளுக்குப் பிந்தைய தேதிகளாக இருந்தால் சந்தேகம் சரி. முந்தைய தேதிகளாக இருந்தால் பழைய சர்வரிலேயே போனவை.

ஆக ஐந்தில் முதலில் வெளியேற வேண்டியது அந்த மோட் வரி. 'இந்த ஃபீல்டுக்கு டீஃபால்ட் இல்லை' என்ற பிழையை அடக்கவோ, குரூப் பை பிழையை அடக்கவோ யாரோ எழுதியது கைமாறி வந்திருக்கிறது. குரூப் பை தொந்தரவு என்றால் அந்த ஒரு மோடை மட்டும் எடுக்கலாம், வீட்டுக் கதவையே கழற்ற வேண்டாம். சர்வருக்கு யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லும் முதல் வரி 8.0-ல் இயல்பாகவே அப்படித்தான், இருந்தாலும் கெடுதல் இல்லை. காலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) வரியை யோசித்து வையுங்கள். பழைய டேபிள்கள் யூனிகோட்_சிஐ, புதியவை 0900_ஏஐ_சிஐ என்று கலந்தால் ஜாயின் செய்யும்போது 1267 பிழை வரும். ஏதாவது ஒன்றுக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடுங்கள்.

இனிட்_கனெக்ட் வரியில் செட் நேம்ஸ், அதாவது கனெக்ஷன் தொடங்கும்போது அதன் கேரக்டர் செட்டை அறிவிக்கும் கட்டளை, எழுதியிருக்கிறீர்கள். ரூட் போன்ற உயர் அதிகாரம் உள்ள கணக்கில் நுழைந்தால் அது ஓடவே ஓடாது. அதை மட்டும் நம்பினால் ரூட்டில் சோதிக்கும்போது ஒரு மாதிரியும் தளத்தில் வேறு மாதிரியும் தெரியலாம். ஹேண்ட்ஷேக்கைத் தவிர்க்கச் சொல்லும் நான்காவது வரி, கிளையன்ட் தன் கேரக்டர் செட் என்னவென்று சொல்வதைக் காதில் வாங்காதே என்று சர்வருக்குச் சொல்கிறது. புதிய பதிவுகள் இப்போது நன்றாக வருவது அநேகமாக இதன் புண்ணியத்தில். ஆனால் நிரல் பக்கத்துத் தப்பு அப்படியே கிடக்கிறது. இந்த இரண்டையும் உடனே எடுக்காதீர்கள். நிரலைச் சரிசெய்துவிட்டு, ஒரு சோதனைப் பதிவின் ஹெக்ஸைப் பார்த்துவிட்டு, அப்புறம் எடுங்கள். சர்வரை எழவிடாமல் செய்த ஆறாவது வரி, சர்வர் பகுதியில் எழுதிய டீஃபால்ட்-கேரக்டர்-செட். 5.5-லேயே அதைச் சர்வரிலிருந்து நீக்கிவிட்டார்கள், கிளையன்ட் பகுதியில் மட்டும் செல்லும். அதை இன்னும் சுற்றில் விட்டிருக்கும் துணுக்கு எவ்வளவு பழையது என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரல் பக்கம் வேலை சின்னது. பிஎச்பியில் பிடிஓ வழியாக இணைகிறீர்கள் என்றால் இணைப்புச் சரத்திலேயே சார்செட் சமம் யூடிஎஃப்8எம்பி4 என்று போடுங்கள். மைஎஸ்க்யூஎல்ஐ என்றால் செட்_சார்செட் ஃபங்ஷனை அழையுங்கள். செட் நேம்ஸை வினவலாக அனுப்பினால் சர்வருக்குத் தெரியும், ஆனால் மேற்கோள் குறி போன்றவற்றை எஸ்கேப் செய்யும் (ஆபத்தில்லாமல் ஆக்கும்) ஃபங்ஷனுக்குத் தெரியாது. ஜாவாவில் கேரக்டர்என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்றே எழுத வேண்டும். அங்கே யூடிஎஃப்8எம்பி4 என்று போட்டால் அப்படி ஒரு என்கோடிங் இல்லை என்று விழும், அது மைஎஸ்க்யூஎல் மட்டும் அறிந்த பெயர்.

அந்தப் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "தமிழ் வேண்டுமானால் எம்பி4 கட்டாயம்" என்று பலர் எழுதுகிறார்கள், கண்டிப்பாகப் பார்த்தால் அது சரியில்லை. மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 மூன்று பைட்டு வரை தாங்கும், நம் எழுத்துகள் மூன்று பைட்டுக்குள் அடங்கிவிடும். எம்பி4 தேவைப்படுவது எமோஜிக்கு. 2019-ல் யூனிகோட் 12-ல் சேர்ந்த முந்திரி, காணி, மா போன்ற பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் நான்கு பைட்டு வேண்டும். எப்படியும் எம்பி4-ஐயே வையுங்கள், ஆனால் உங்கள் சிக்கலுக்குக் காரணம் அது இல்லை. அதேபோல வார்கேர் 255 எல்லாவற்றையும் 191 ஆக்கச் சொல்லும் குறிப்பு, இண்டெக்ஸுக்கு 767 பைட்டுதான் என்றிருந்த காலத்தது: 191 பெருக்கல் 4, 764. 8.0-ன் இயல்பு அமைப்பில் வரம்பு 3072 பைட்டு, தலைப்புகளைக் குறுக்க வேண்டியதில்லை.

கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரியும் சுருக்கங்கள் சில இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அது டேட்டாபேஸ் இல்லை. பிஎச்பியின் சப்ஸ்டர் பைட்டைக் கணக்கிட்டு வெட்டுவதால் எழுத்தின் நடுவில் கத்தி விழுகிறது. எம்பி_சப்ஸ்டர் போட்டால் வைரம் போய்விடும், ஆனால் 'தமிழ்' என்பதை 'தமிழ' என்று நிறுத்தக்கூடும். கிராஃபீம்_சப்ஸ்டர் புள்ளியோடு சேர்த்து வெட்டும். பழைய பதிவுகளில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று சம்பந்தமில்லாத ஆங்கிலம் கண்ணில் பட்டால் அது யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்'. அதற்கு எழுத்துரு மாற்றி வேண்டும், கேரக்டர் செட்டில் எதைத் திருகினாலும் பயன் இல்லை.

கடைசியாக, பதிவுகளைத் தமிழ் அகர வரிசையில் அடுக்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். யூனிகோட் அட்டவணையில் ந-வுக்கு அடுத்தே ன வருகிறது, ர-வுக்கு அடுத்தே ற. ஆகவே அந்த அட்டவணை வரிசையிலேயே அடுக்கும் 'பின்' (பைனரி) வகைக் காலேஷனில் அடுக்கினால் மதம், மனம், மயில், மரம், மறதி, மலை என்று வரும். அகராதியில் இருக்க வேண்டியது மதம், மயில், மரம், மலை, மறதி, மனம். இந்த ஆறு சொற்களை ஒரு சோதனை டேபிளில் போட்டு, ஆர்டர் பை வரியில் காலேட் என்று சேர்த்து நீங்கள் வைத்திருக்கும் ஒவ்வொரு காலேஷனையும் ஓட்டிப் பாருங்கள். எது அகராதி வரிசையைத் தருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். மீட்பு வேலை முடிவதற்கு முன் மட்டும் காலேஷனில் கை வைக்காதீர்கள், எது எதனால் மாறியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.